சீசன் டிக்கெட் நியாயம்

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கூட்டிப் பெருக்க வரும் அம்மாளுக்கு எந்த ரயில்வே மந்திரியின் பெயரும் தெரியாது. ஆனால் 2014ஆம் வருஷம் ஜூன் 21ஆம் தேதி சனிக்கிழமை காலையில், மந்திரி போட்ட கணக்கை எனக்கு முன்பே அவர் போட்டு முடித்துவிட்டிருந்தார். சிங்கப்பெருமாள்கோவிலில் விடியற்காலை மின்சார ரயிலில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, மூன்று வீட்டு வேலையை முடித்துக்கொண்டு பிற்பகல் வண்டியில் திரும்புகிறவர். அன்று வந்ததும் வராததுமாக, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சார், சீசன் டிக்கெட்டு டபுள் ஆவுதாமே, பேப்பர்ல போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்கிறது அம்மா. டபுளுக்கும் கொஞ்சம் மேலேயே ஆகும்போல் இருக்கிறது."

அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அப்போ மாசத்துல இன்னும் ரெண்டு நாளு ரயிலுக்குன்னே வேலை செய்யணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வோமே, அந்தத் தொனியில் சொன்னார்.

நான் பத்திரிகையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பிரயாணிகள் கட்டணம் நூற்றுக்கு 14.2 உயரும், சரக்குக் கட்டணம் 6.5 உயரும், 25ஆம் தேதி முதல் அமல் என்று முதல் நாள் வெள்ளிக்கிழமை ரயில்வே இலாகா அறிவித்திருந்தது. பெரிய எழுத்தில் போட்டிருந்த செய்தி அது. சீசன் டிக்கெட் விஷயம் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. மாதம் முழுவதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர உதவும் அந்தச் சீட்டுக்கு, அதுவரையில் ஏறக்குறைய 15 ஒற்றைப் பிரயாணத்தின் கட்டணம்தான் விலை. இனிமேல் அது 30 பிரயாணத்தின் கட்டணம் ஆகும். அந்த 30க்கும் மேலே 14.2 சதவிகிதம். நூறு ரூபாய் கொடுத்தவர் 228 ரூபாய் கொடுக்கவேண்டும். ஐந்து நாள் அவகாசம்.

இது ஒரு கட்சியின் பாவம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே வருஷம் மே 16ஆம் தேதி, தேர்தல் வோட்டு எண்ணிக்கொண்டிருந்த அன்றைக்கே, பழைய சர்க்காரின் காலத்தில் கட்டண உயர்வு அறிவிக்கப்பட்டு, அறிவித்த கையோடு நிறுத்தியும் வைக்கப்பட்டது. போகிறவர்கள் எழுதி வைத்ததை வந்தவர்கள் கையெழுத்திட்டு அனுப்பினார்கள்.

இந்த உயர்வு நியாயமா? அநியாயம் என்று சொல்லிவிடுவது சுலபம். கதை எழுதுகிறவனுக்கு அது இன்னும் சுலபம்; ஓர் ஏழை அம்மாளை முதல் பாராவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் வாதத்தில் பாதி ஜெயித்தாகிவிட்டது. ஆனால் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரயில்வேக் கணக்கு உத்தியோகத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரே அந்த வித்தை பலிக்காது.

"நீங்கள் கதை எழுதுகிறவர், நான் கணக்கு எழுதினவன்" என்றுதான் அவர் ஆரம்பிப்பார். "மாதம் 25 நாள் ஒருவர் போய்வந்தால் 50 பிரயாணம். 50 பிரயாணம் செய்துவிட்டு 15க்குக் காசு கொடுக்கிறார். 30க்குக் கொடுங்கள் என்றால் கொள்ளையா? இன்னும் 20 பிரயாணம் இனாம்தானே?"

கணக்கில் தப்பு இல்லை. அவர் அதோடு விடுவதுமில்லை. சீசன் டிக்கெட்காரர்தான் ரயில்வேக்கு மிகவும் செலவு வைக்கிற பிரயாணி என்பார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் வண்டி பிதுங்குகிறது. அந்த நாலு மணி நேரத்துக்காகவே இத்தனை வண்டி, இத்தனை டிரைவர், இத்தனை கார்டு. பகல் ஒரு மணிக்கு அதே வண்டி காற்றை ஏற்றிக்கொண்டு தாம்பரம் போகிறது. வேறு எந்த வியாபாரத்திலாவது, கூட்டம் அதிகமான நேரத்தில் வருகிறவனுக்குப் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுப்பார்களா? நஷ்டத்தை யார் கட்டுகிறார்கள்? சரக்கு வண்டி கட்டுகிறது. நிலக்கரியும் நெல்லும் சிமெண்டும் கட்டுகின்றன. அப்படியானால் ரயிலையே பார்க்காத குடியானவன்கூட, தன் வீட்டு விளக்குக்கும் சிமெண்டு மூட்டைக்கும் கொடுக்கிற காசில் மாம்பலத்துக்காரருக்காக ஒரு பங்கு கொடுக்கிறான்.

2016ஆம் வருஷத்திலிருந்து டிக்கெட்டிலேயே இதை அச்சிட்டுவிட்டார்கள். பிரயாணச் செலவில் சராசரி 57 சதவிகிதத்தைத்தான் ரயில்வே கட்டணமாக வசூல் செய்கிறது என்று ஒரு வாசகம். மீதி 43ஐ நாட்டின் சாதாரண ஜனங்கள் சுமக்கிறார்கள் என்றும் ஒரு வாசகம் போட்டார்கள். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாயிற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு போகிறவரின் சட்டைப் பையில் இருக்கும் சீட்டு, உன்னைச் சாதாரண ஜனங்கள் சுமக்கிறார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொல்கிறது! இவர் யாராம்?

ஆனால் சிரிப்பு பதில் ஆகாது. நண்பரின் கேள்விக்கு எனக்கு வெகுநாள் சரியான பதில் கிடைக்கவில்லை. கிடைத்தது என் தகப்பனாரின் கணக்கை நினைத்துப் பார்த்தபோதுதான்.

தாம்பரம் பாதையின் சரித்திரம் கொஞ்சம் சொல்லவேண்டும். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரையில் சுமார் 18 மைல் தூரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931ஆம் வருஷம் மே மாதம் 11ஆம் தேதி. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி போட்டது. மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி அப்போது இந்தியாவில் வேறெங்கும் இல்லை. அந்தக் கம்பெனி தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை. 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் தெற்கே சைதாப்பேட்டை தாண்டினால் வயலும் பனைமரமும் கல் குன்றுகளும்தான். வண்டி ஓடினால் ஜனங்கள் குடியேறுவார்கள், குடியேறினால் தினமும் வண்டி ஏறுவார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை.

அந்தப் பிரதேசம் எவ்வளவு ஒதுக்குப்புறமாக இருந்தது என்பதற்கு ஓர் அடையாளம் இன்னமும் ஸ்டேஷன் பெயராக நிற்கிறது. தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் 1928ஆம் வருஷம் அங்கே காசநோய்க்காரர்களுக்காக வைத்தியசாலை தொடங்கினார். நல்ல காற்று வேண்டும், நகரத்தின் மூச்சு படக்கூடாது என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நோயாளிகள் மூச்சு விடுவதற்காகப் பட்டணத்தை விட்டுப் போன இடத்துக்கு, ஒரு தலைமுறைக்குள் குமாஸ்தாக்கள் குடித்தனம் செய்யப் போனார்கள். அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலையால் வந்த பெயர். அந்தத் தோலின் வாசனையையும் குமாஸ்தாக்கள் சகித்துக்கொண்டார்கள்.

எங்கள் தகப்பனாரும் அப்படிப் போனவர்தான். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம், ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழாய். எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு நாள் இரவு, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவர் ஏதோ எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் திருவல்லிக்கேணி வாடகை. மறு பக்கம் பல்லாவரத்து வாடகை, அதற்குக் கீழே சீசன் டிக்கெட். இரண்டையும் கூட்டியும் இந்தப் பக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. "கிணறும் தனி" என்றார் அம்மாவைப் பார்த்து. அந்தத் தையில் நாங்கள் பல்லாவரத்துக்கு வந்துவிட்டோம். காற்றுக்காக வந்தோம் என்று விருந்தாளிகளிடம் அப்பா சொல்வார். காற்றுக்காக வரவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்துக்காகத்தான் வந்தோம்.

மாதம் பிறந்தால் முதல் செலவு சீசன் டிக்கெட். அரிசி அதற்கு அப்புறம். "அரிசி இல்லாவிட்டால் ஒரு வேளை கஞ்சி குடிக்கலாம், டிக்கெட் இல்லாவிட்டால் முழு மாதமும் கஞ்சிதான்" என்பாள் அம்மா. அவள் பேச்சில் அர்த்தம் இருந்தது. வாடகையும் ரயில் கட்டணமும் இரண்டு செலவு இல்லை. ஒரே செலவை இரண்டாகக் கிழித்து, பாதியை வீட்டுக்காரரிடமும் பாதியை ரயில்வேயிடமும் கொடுக்கிறோம். வீட்டை மாற்றாமல் ஒரு பாதியை மாத்திரம் இரட்டிப்பாக்கினால், வீட்டுக்காரர் ஒரே ராத்திரியில் வாடகையை ஏற்றினதற்கு அது சமானம். வாடகை ஏற்றுகிற வீட்டுக்காரரிடம் வாய்தா கேட்கலாம், வீட்டையே காலி செய்யலாம். ரயிலைக் காலி செய்து எங்கே போவது?

அப்பாவின் கணக்கை இப்படி நான் எடுத்துச் சொன்னபோது நண்பர், "அதற்கு ரயில்வே என்ன செய்யும்? உங்கள் அப்பாவைப் பல்லாவரத்துக்கு வா என்று ரயில்வேயா கூப்பிட்டது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே லண்டன் நகரத்தில் பதில் சொல்லியிருக்கிறார்கள். தினசரி ரயிலில் வேலைக்குப் போகும் வழக்கம் அந்த ஊரில்தானே வேர்விட்டது? மலிவுக் கட்டணத்தின் வழக்கும் அங்கேயே நடந்தது.

கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே என்று ஒரு கம்பெனி. அதன் பெரிய ஸ்டேஷன் லண்டன் நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே இருந்தது. நகரத்துக்குள்ளேயே வந்துவிட வேண்டும் என்று அது ஆசைப்பட்டது. வழியிலே ஏழைகளின் குடியிருப்பு. நெருக்கி நெருக்கிக் கட்டின வீடுகள். பணக்காரர் வீட்டை இடித்தால் ஈடு அதிகம் கொடுக்கவேண்டும், ஏழை வீட்டை இடித்தால் மலிவு என்பதனால் அந்நாளில் எல்லா ரயில் கம்பெனிகளுமே அந்த வழியைத்தான் தேடின. வீட்டின் சொந்தக்காரருக்குப் பணம் கிடைத்தது. வாரக் கூலிக்குக் குடியிருந்தவர்களுக்கு அநேகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கமாக ஒண்டிக்கொண்டார்கள்.

பார்லிமெண்டில் சிலருக்கு இது உறுத்தியது. 1864ஆம் வருஷம் அந்தக் கம்பெனிக்கு நகரத்துக்குள் பாதை போட அனுமதி கொடுத்தபோது, சட்டத்திலேயே ஒரு நிபந்தனை எழுதினார்கள். எட்மண்டன், வால்தம்ஸ்டோ என்ற வெளிக் கிராமங்களிலிருந்து தினமும் காலையில் தொழிலாளர் வண்டி விடவேண்டும். போகவும் வரவும் சேர்த்துக் கட்டணம் 2 பென்னி. லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் 1874இல் திறந்தது. இடிபட்ட வீடுகளின் மேல் நின்ற ஸ்டேஷன் அது. அந்த 2 பென்னியை யாரும் தர்மம் என்று சொல்லவில்லை. வீட்டை எடுத்துக்கொண்டதற்குக் கொடுத்த ஈடு அது. ஒரே தடவையாகக் கையில் கொடுக்காமல் தினமும் தவணையாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு 1883இல் மலிவு ரயில் சட்டம் என்றே ஒன்று வந்தது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்துக்கு வரி கிடையாது. அதற்குப் பதிலாக, வேண்டிய இடங்களில் எல்லாம் கம்பெனிகள் தொழிலாளர் வண்டி விடவேண்டும். இதுவும் கொடுத்து வாங்கின ஒப்பந்தமே தவிர சலுகை இல்லை.

அந்த வண்டிகளில் போனவர்கள் சுகமாகப் போனதாக நினைக்கவேண்டாம். மலிவு டிக்கெட் அதிகாலை வண்டிக்குத்தான் செல்லும். பட்டறையும் தையற்கூடமும் திறப்பதற்கு வெகு நேரம் முன்பே அவை லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடும். குளிர்காலத்தில் தையல் வேலைக்குப் போகும் இளம் பெண்கள் தெருவில் நின்று நடுங்கினார்கள். 1890களில் சாமுவேல் ஸ்டோன் என்ற பாதிரியார், லண்டன் சுவர்த் தெருவில் இருந்த ஆல் ஹாலோஸ் தேவாலயத்தை இவர்களுக்காக விடியற்காலையிலேயே திறந்து வைத்தார். ஒரு பென்னி மிச்சம் பிடிப்பதற்காகக் கோவிலில் உட்கார்ந்து பொழுதைப் போக்கிய அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டு அம்மாள் மாம்பலம் ஸ்டேஷன் பெஞ்சில், முதல் வீட்டில் கதவு திறக்கும் வரை உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

வால்தம்ஸ்டோவில் 1871ஆம் வருஷம் சுமார் 11,000 பேர் இருந்தார்கள். 1901இல் சுமார் 95,000. அந்தப் பக்கமெல்லாம் ஏழைகள் வந்து நிறைந்துவிட்டார்கள், மலிவு வண்டியால் கௌரவமான குடியிருப்பு கெட்டுப் போயிற்று என்ற பொருள்பட, 1884இல் ஏழைகளின் வீட்டு வசதியை ஆராய்ந்த ராயல் கமிஷன் முன்பு கம்பெனியின் மானேஜர் வில்லியம் பர்ட்டே சாட்சி சொன்னார். அவர் குறையாகச் சொன்னாலும் எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகவே படுகிறது. கட்டணம்தான் அந்த ஊரைக் கட்டியது என்பதை அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பல்லாவரத்தில் யாருடைய வீட்டையும் இடித்து எங்களை அனுப்பவில்லை, வாஸ்தவம். ஆனால் அப்பாவை ரயில்வே கூப்பிடவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1931இல் வெறும் வயல் வழியாக மின்சாரக் கம்பி இழுத்து வண்டி விட்டது எதற்காக? சீசன் டிக்கெட் என்று ஒன்றை அச்சடித்து, மாதம் முழுவதும் போய்வா என்று நீட்டினது எதற்காக? அது அழைப்பிதழ் அல்லாமல் வேறென்ன? அழைப்பை நம்பி ஜனங்கள் வீடு பார்த்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், கடன் வாங்கி மனை வாங்கினார்கள். முப்பது வருஷக் கடன் ஒரு மாதச் சீட்டின் விலையை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது.

இந்த இடத்தில் நண்பர் தம்முடைய கெட்டிக்கார வாதத்தை எடுத்துவிடுவார். "மலிவு டிக்கெட்டின் லாபம் உங்கள் வேலைக்கார அம்மாளுக்கா போகிறது? ரயில் மலிவு என்றால் அங்கே வாடகை ஏறும், மனை விலை ஏறும். சர்க்கார் விட்டுக்கொடுக்கிற காசு கடைசியில் வீட்டுக்காரர் பெட்டிக்குத்தான் போகும்" என்பார். இதில் உண்மை உண்டு. நான் மறுக்கவில்லை. மின்சார ரயில் ஓடுகிற ஊரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெரு வாடகையையும் இரண்டு மைல் தள்ளின தெரு வாடகையையும் கேட்டுப் பார்த்தாலே தெரியும். ஆனால் இந்த நியாயம் ஏறுகிற வழியில்தான் ஓடுகிறது, இறங்குகிற வழியில் ஓடுவதில்லை. ஜூன் 25ஆம் தேதி கட்டணம் இரட்டிப்பானால், ஜூலை முதல் தேதி எந்த வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பார்? மனை விலை இறங்குவதற்குப் பத்து வருஷம் ஆகலாம்; அதுவரை இரண்டு பக்கமும் கொடுக்கிறவர் குடியிருப்பவர்தான்.

குடியானவன் ஏன் சுமக்கவேண்டும் என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. ரயில்வேயில் யார் யாரைச் சுமந்தார்கள் என்ற பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டவேண்டும். 1917இல் காந்திஜி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் 13 ரூபாய் 9 அணா கொடுத்து வந்து, அந்தப் பெட்டியின் அவலத்தை எழுதினார். மேல் வகுப்புக்காரர்களின் சொகுசுக்கு மூன்றாம் வகுப்பு ஜனங்களின் காசுதான் செலவாகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல்தான் போயிற்று. அதுவரை எத்தனை தலைமுறை மரப் பலகையில் உட்கார்ந்து மெத்தைக்குக் காசு கொடுத்திருக்கிறது! அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டு 43 சதவிகிதத்தைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு நாள் நண்பரிடம் சொன்னேன். "அது பழைய பேரேடு" என்றார். பழைய பேரேடுதான், அதற்காக இன்றைய நஷ்டம் பொய்யாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகையால் கட்டணமே ஏறக்கூடாது என்பது என் கட்சி இல்லை. அரிசி ஏறுகிறது, துணி ஏறுகிறது, என் புஸ்தகத்தின் விலைகூட ஏறியிருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 10 ரூபாய்க்குப் போகலாம். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தால் சில இடங்களில் அதைவிட அதிகம். இது என்றென்றைக்கும் இப்படியே இருக்கமுடியாது. எனக்கு ஆத்திரம் வருவது ஏறுகிற விதத்தைப் பார்த்துத்தான்.

2012ஆம் வருஷம் மார்ச் 14ஆம் தேதி தினேஷ் திரிவேதி என்ற ரயில்வே மந்திரி பட்ஜெட் படித்தார். சாதாரண இரண்டாம் வகுப்புக்கும் நகர்ப்புற வண்டிகளுக்கும் கிலோமீட்டருக்கு 2 காசு உயர்வு. கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர். ஆக 60 காசு. இந்த 60 காசுக்காக அவருடைய சொந்தக் கட்சியே அவர்மேல் பாய்ந்தது. நாலு நாளில் ராஜிநாமா செய்தார். பின்னால் வந்தவர் ஏழை வகுப்புகளின் உயர்வை ரத்து செய்தார். அதற்கு முன்பே சுமார் பத்து வருஷமாகக் கீழ் வகுப்புக் கட்டணத்தில் யாரும் கை வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 2013 ஜனவரியில் ஒரு சிறிய உயர்வு வந்தது. மறு வருஷம் ஜூனில், இரட்டிப்பு.

60 காசு ஏழைக்குத் தாங்காது என்று மந்திரியையே வீட்டுக்கு அனுப்பினவர்கள், இரண்டு வருஷம் கழித்து அதே ஏழையின் சீட்டு நூற்றிலிருந்து இருநூற்று இருபத்தெட்டாக ஏறும் என்று அச்சடித்தார்கள். பத்து வருஷம் படியே கட்டாமல் இருந்துவிட்டு, பதினோராவது வருஷம் மாடியிலிருந்து குதி என்று சொன்னதுபோல் ஆயிற்று. வருஷா வருஷம் 60 காசு ஏற்றியிருந்தால் எங்கள் வீட்டு அம்மாள் கவனித்துக்கூட இருக்கமாட்டார். ஏற்றாதவர்கள் நல்லவர்கள், ஏற்றினவர்கள் கெட்டவர்கள் என்று நாம் தீர்ப்புச் சொல்கிறோம். எனக்கோ இரண்டு பேரும் ஒரே தவற்றின் இரண்டு கைகளாகத் தோன்றுகிறார்கள்.

ஜூன் 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அமலுக்கு வர ஒரு நாள் இருக்கும்போது, உத்தரவு திரும்பிற்று. சீசன் டிக்கெட் பழையபடி 15 பிரயாணக் கணக்கிலேயே இருக்கும். நகர்ப்புற வண்டிகளில் 80 கிலோமீட்டர் வரை இரண்டாம் வகுப்புக்கு உயர்வு இல்லை. தாம்பரத்து ஜனங்களின் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். பம்பாயில் சட்டசபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊர் எம்.பி.க்கள் கூட்டமாகப் போய் மந்திரியைப் பார்த்தார்கள். பம்பாய்க்குக் கிடைத்தது சிங்கப்பெருமாள்கோவிலுக்கும் கிடைத்தது. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் தெருக்காரர்களுக்கும் சாப்பாடு கிடைக்கிறதில்லையா, அந்த மாதிரி.

கூச்சல் போட ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பிறகு பார்த்தோம். 2020 மார்ச்சில் கொள்ளை நோய்க்காக எல்லாப் பிரயாணி வண்டிகளையும் நிறுத்தினார்கள். மறுபடியும் விட்டபோது, கிராமத்துக்குக் கிராமம் நின்று போகும் பாசஞ்சர் வண்டிகள் பழையபடி வரவில்லை. அதே பெட்டி, அதே பாதை, அதே ஸ்டேஷன்கள். ஆனால் நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்தது, "எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்" என்று பெயர் மாறிற்று. குறைந்த கட்டணம் 10 ரூபாய் 30 ரூபாய் ஆயிற்று. இரட்டிப்பு அல்ல, மும்மடங்கு! ஐந்து நாளில் திரும்பவும் இல்லை. 2024 பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய்க்கு வந்தது. தயிர்க்கூடையும் பூக்கூடையுமாக அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு டில்லியில் யார் இருக்கிறார்கள்? பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லை என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தது பொய்.

நண்பருக்கு இந்த விஷயத்தில் மாத்திரம் என்னோடு அபிப்பிராய பேதமில்லை. "ஏற்றுவதானால் ஏற்றுகிறோம் என்று சொல்லி ஏற்றவேண்டும். பெயரை மாற்றி ஏற்றுவது கணக்கு இல்லை" என்றார். கணக்கு எழுதினவரின் மானம் அதில் பேசிற்று.

இப்போது தாம்பரம் பாதையில் குளிர்சாதன வண்டியும் ஓடுகிறது, 2025 ஏப்ரல் முதல். சாதாரண வண்டியில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், இதில் 35. அதைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. வேண்டியவர் ஏறட்டும், வேண்டாதவர் அடுத்த வண்டிக்கு நிற்கட்டும். சாதாரண வண்டியின் நேரத்தை அது பிடுங்கிக்கொள்ளாத வரையில் சரி. 2025 ஜூலை முதல் தேதி நாடு முழுவதும் கட்டணம் கொஞ்சம் ஏறியபோது நகர்ப்புற வண்டியையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னவோ 2012ஆம் வருஷத்து 60 காசுதான் ஞாபகம் வந்தது.

2014 ஜூன் 25ஆம் தேதி காலையில், ரத்தான செய்தியை நானே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மாள் வந்தார்.

"தெரியுமா அம்மா? சீசன் டிக்கெட் ஏறவில்லை. பழைய விலைதான்."

"தெரியும் சார். ரயில்லயே பேசிக்கிட்டாங்க" என்றார். முகத்தில் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை. விசாரித்தேன். திங்கட்கிழமை சாயங்காலம், விலை ஏறுமுன் வாங்கிவிட வேண்டும் என்று கவுண்டரில் ஒரே கூட்டமாம். மூன்று மாதச் சீசன் எடுத்துவிட்டால் செப்டம்பர் வரை தொந்தரவு இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் அத்தனை பணம் ஏது? தண்டல்காரரிடம் வாங்கி, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, சீட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறார். மறு நாள் உத்தரவு ரத்து.

"அப்போ நஷ்டம் ஒன்றும் இல்லையே? சீட்டு கையில் இருக்கிறதே" என்றேன்.

"சீட்டு இருக்குது சார். தண்டலும் இருக்குதே, தினத்துக்கும் கட்டணும்" என்று சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார். "அவங்க ஏத்தல சார். எனக்கு மட்டும் ஏறிப்போச்சு."